15 ஆண்டு உழைக்கும் ஸ்மார்ட் மீட்டர்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள். வீட்டுக்கு வீடு தனி இ.பி. இணைப்பு உண்டு, சிக்கல் பொது இணைப்பில்தான். லிஃப்ட், போர் மோட்டார், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், படிக்கட்டு விளக்குகள், புதிதாக மூன்று கார் சார்ஜர்கள் என்று எல்லாமே ஒரே மீட்டரில் ஓடுகின்றன. பில் ஏறிக்கொண்டே போகிறது. எதனால் ஏறுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் நான்கு வைஃபை மீட்டர்கள் வாங்கி மாட்டினோம். விற்ற நிறுவனம் மூடப்பட்டதும் செயலியும் நின்றுபோனது. மீட்டரில் திரை கிடையாது, அதனால் உள்ளே என்ன எண் இருக்கிறது என்றுகூடப் பார்க்க வழியில்லை. மறுபடி வாங்கப் பொதுக்குழு இசைந்திருக்கிறது. இந்த முறை வாங்குவது 15 ஆண்டாவது உழைக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது? நாளை மின்வாரியமே ஸ்மார்ட் மீட்டர் மாட்டினால் எங்களுடையது வீணாகிவிடுமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை

பதில்: உங்கள் பழைய மீட்டர்கள் இன்றும் மின்சாரத்தைச் சரியாகவே அளந்துகொண்டிருக்கக்கூடும். அளந்ததை வெளியே சொல்லும் வழிதான் அடைபட்டுவிட்டது. ஸ்மார்ட் மீட்டரின் ஆயுளைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மீட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன: ஒன்று அளப்பது, மற்றொன்று அளந்ததைச் சொல்வது. நல்ல மீட்டரின் அளக்கும் பகுதி 15 ஆண்டு தாராளமாக உழைக்கும். சொல்லும் பகுதி அப்படியில்லை. சிம், வைஃபை, செயலி, சர்வர், விற்ற நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றின் ஆயுளும் அதைவிடக் குறைவு. இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒரே பெட்டிக்குள் வைத்தால், குறைந்த ஆயுள் எதுவோ அதுவே மொத்தத்தின் ஆயுள் ஆகிவிடும்.

பெரிய நாடுகளும் பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. கூகுள் 2009-இல் வீட்டு மின்பயன்பாட்டைக் காட்டும் பவர்மீட்டர் என்ற சேவையைத் தொடங்கி 2011-இல் மூடியது. அதே போன்ற மைக்ரோசாஃப்டின் ஹோம் சேவையும் 2012-இல் நின்றது. பிரிட்டனில் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்த பலர் மின்சார நிறுவனத்தை மாற்றியதும், புதிய நிறுவனத்தால் அந்த மீட்டரோடு பேச முடியவில்லை. மறுபடி கையால் ரீடிங் எடுக்க வேண்டியதாயிற்று. அவற்றைப் பொதுவான ஒரு வலைக்குள் கொண்டுவரும் வேலை 2019-இல்தான் தொடங்கியது. இரண்டாம் தலைமுறையில் தகவல் அனுப்பும் பெட்டியைத் தனியாக்கி, மீட்டரின் மேல் பொருத்தும்படி வடிவமைத்தார்கள். இப்போது அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இத்தாலியில் எனெல் நிறுவனம் 2001-இலிருந்து சுமார் 3 கோடி மீட்டர்களைப் பொருத்தியது. அவை மின்கம்பி வழியாகவே தகவல் அனுப்பின. அடுத்த தலைமுறை மீட்டர்கள் 2017-இல்தான் வரத் தொடங்கின. நெதர்லாந்தில் வீட்டு ஸ்மார்ட் மீட்டரின் முகத்திலேயே 'பி1' என்றொரு துளை இருக்கும். கடையில் ஒரு சிறு கருவி வாங்கிச் செருகினால் வீட்டுக்காரரே தன் கணக்கை நேரடியாகப் பார்க்கலாம். யாருடைய சர்வரையும் கேட்க வேண்டியதில்லை.

எங்கே மாட்டுவது

கருவியைத் தேடுமுன், எந்த முடிவை எடுக்க உங்களுக்கு எண் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டு விளக்குக்கு மாடிக்கு மாடி மீட்டர் வேண்டாம். மொத்தத்துக்கு ஒன்று போதும். பம்புக்குத் தனி மீட்டர் அவசியம். யாரும் தண்ணீர் எடுக்காத பின்னிரவில் பம்பு அடிக்கடி ஓடினால், குழாயிலோ மிதவை வால்விலோ கசிவு இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் காற்று ஊதும் மோட்டார்கள் நாள் முழுக்க ஓடக்கூடியவை, அதற்கும் தனி மீட்டர் வேண்டும். லிஃப்டுக்கு ஒன்று. கார் சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஏனெனில் அங்கே காசு கைமாறுகிறது. சூரியப் பலகை இருந்தால், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர் வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது

முதலாவது, மீட்டரின் முகத்தில் திரை இருக்க வேண்டும். இணையம் இல்லாவிட்டாலும், செயலி செத்துப்போனாலும், காவலாளி நடந்துபோய் எண்ணைக் குறித்துவர முடிய வேண்டும். அந்த எண் தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்த யூனிட்டாக இருக்கட்டும். நாளுக்கு நாள் அழிந்து புதிதாக எழும் கணக்கை நம்பினால், தகவல் பத்து நாள் தடைபட்டால் அந்தப் பத்து நாள் போனதுதான். மொத்த எண் இருந்தால் முன்னும் பின்னும் கழித்துத் தடைபட்ட நாட்களின் மொத்தத்தை மீட்டுவிடலாம்.

இரண்டாவது, கம்பி வழித் தொடர்பு. ஆர்.எஸ்.485 இணைப்பும் மாட்பஸ் என்ற மொழியும் தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்குபவை. எந்த ஊரிலும் அவற்றைத் தெரிந்த ஆள் கிடைப்பார். எல்லா மீட்டரையும் ஒரே கம்பியில் கோத்து, கடைசியில் தனியாக ஒரு கேட்வே பெட்டி வையுங்கள். இணையத்துக்கு அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. ஆறேழு வருடத்தில் அது பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும், மீட்டர்களைத் தொட வேண்டாம். நம் நாட்டின் வாரிய ஸ்மார்ட் மீட்டர்களுக்கான ஐ.எஸ். 16444 தரநிர்ணயமும் கழற்றி மாற்றும் தொடர்பு அட்டைக்கு இடம் தருகிறது. மொபைல் வலைகள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேவையில்லை. ஏர்டெல் தன் 3ஜி வலையை 2020-லேயே மூடிவிட்டது.

மூன்றாவது, மீட்டரின் எந்த முகவரியில் எந்த எண் இருக்கிறது என்ற பட்டியல். இதை ரெஜிஸ்டர் மேப் என்பார்கள். அதையும் பாஸ்வேர்டுகளையும் பொருள் வரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இவை கையில் இருந்தால் விற்றவர் காணாமல் போனாலும் வேறொருவர் வந்து அதே மீட்டரைப் படிப்பார். தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

நான்காவது, 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஸ்வீடன் இதில் ஒரு பாடம். 2009-க்குள் மாதம் ஒருமுறை ரீடிங் என்ற அளவுகோலை வைத்து அங்கே மீட்டர்களை மாற்றினார்கள். காலம் மாறியதும் அந்தத் திறன் போதவில்லை. 2025 தொடக்கத்துக்குள் புதிய தகுதிகளை எட்ட வேண்டும் என்று மறுபடி பெருமளவில் மாற்றினார்கள். நம் மத்திய அரசும் 2023-இல் மின்நுகர்வோர் விதிகளைத் திருத்தி, நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு வழி செய்திருக்கிறது. பம்பையும் சார்ஜரையும் பகலுக்கு மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று ஒருநாள் நீங்கள் கணக்குப் போட வேண்டிவரும். அன்றைக்கு மாத மொத்தம் மட்டும் உதவாது.

எப்படி மாட்டுவது

நல்ல மீட்டரும் தவறாக மாட்டினால் பொய் சொல்லும், வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் சொல்லும். அதனால் இந்தப் பகுதியில் அதிகக் கவனம் வையுங்கள். வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். வாரிய மீட்டருக்கும் அதன் சீலுக்கும் பக்கத்தில் யாரும் போகக்கூடாது. உங்கள் மீட்டர்கள் எல்லாம் அதற்குப் பிறகு, உங்கள் பேனலுக்குள் வர வேண்டும்.

லிஃப்ட் போன்ற பெரிய லோடுகளுக்கு மின்னோட்டத்தைச் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வளையம் வழியாக அளப்பார்கள். இரண்டு தவறுகள் இங்கேதான் நடக்கும். ஒன்று, விகிதம். வளையம் 100/5 ஆக இருக்க, மீட்டரில் 200/5 என்று பதிந்துவிட்டால் எல்லா எண்ணும் இரண்டு மடங்காகும். மற்றொன்று, திசை. மூன்று பேஸும் சமமாக ஓடும் மோட்டாரில் ஒரு வளையம் மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டால், அந்த பேஸ் கழிவாகி, உண்மையில் மூன்றில் ஒரு பங்கையே மொத்தம் காட்டும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: மின்சாரம் ஓடும்போது சி.டி.யின் வெளிவரும் கம்பிகளைத் திறந்துவிடக்கூடாது, அங்கே ஆபத்தான மின்னழுத்தம் எழும். எனவே கம்பிகளைக் குறுக்கிணைக்க வசதியுள்ள டெஸ்ட் டெர்மினல் கட்டையைத் தொடக்கத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து மீட்டரை மாற்ற வருபவருக்கு அது பாதுகாப்பு.

தகவல் கம்பி முறுக்கிய ஜோடியாக, உறை போட்டதாக இருக்கட்டும். மின்கம்பியோடு ஒரே பைப்பில் இழுக்க வேண்டாம். மீட்டருக்கு மீட்டர் சங்கிலியாகப் போக வேண்டுமே தவிர நடுவில் கிளை பிரியக்கூடாது. இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். மின்னணுப் பலகையில் சீக்கிரம் மூப்படைவது மின்பகு கெப்பாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையினரின் கணக்கு. மேற்கு வெயில் நேராக விழும் இரும்புப் பெட்டிக்குள் மாட்டினால் 15 ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம், இடிமின்னலுக்கு ஒரு சர்ஜ் தடுப்பான், நன்றாக முறுக்கி இறுக்கிய திருகுகள் ஆகிய மூன்றும் தேவை. தளர்ந்த திருகு சூடேறும், கருகும்.

சோதிக்காமல் பணம் தராதீர்கள்

நேரடியாக இணைத்த மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை விளக்கு சிமிட்டும் என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். 1000 என்றிருந்தால், 1 கிலோவாட் ஹீட்டரை மட்டும் ஓட்டும்போது 3.6 வினாடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். நூறு சிமிட்டலுக்கு ஆறு நிமிடம். கைபேசிக் கடிகாரம் போதும். ஹீட்டரின் உண்மையான வாட் மின்னழுத்தத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அதனால் இதில் சிறு வேறுபாடு தவறல்ல, இரண்டு மடங்கும் மூன்றில் ஒன்றும்தான் தவறு.

அடுத்த சோதனை காலமெல்லாம் தொடர வேண்டியது. வாரியம் ரீடிங் எடுக்கும் அதே நாளில் உங்கள் மீட்டர்கள் எல்லாவற்றையும் படித்துக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை வாரிய மீட்டரோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். திடீரென்று இடைவெளி விழுந்தால் ஏதோ ஒரு மீட்டர் கெட்டிருக்கிறது, அல்லது கணக்கில் வராத ஒரு இணைப்பு புதிதாக முளைத்திருக்கிறது. மீட்டர் துல்லியமாக இருக்கிறதா என்று உங்களுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கப்போவது இந்த ஒரு பழக்கம்தான்.

மின்வாரிய மீட்டர் வந்தால்? உங்களுடையது வீணாகாது. வாரியத்தின் மீட்டர் கட்டிடம் மொத்தமாக எவ்வளவு எடுத்தது என்று சொல்லும். பம்பா லிஃப்டா என்று அதற்குத் தெரியாது. அது வந்தால் உங்கள் கூட்டுத்தொகையை ஒப்பிட இன்னும் நுட்பமான எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

வேலை ஆணையில் இந்த ஆறையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்:

1. இணையம் இல்லாமலும் திரையில் மொத்த யூனிட் தெரிய வேண்டும்.
2. ரெஜிஸ்டர் மேப், பாஸ்வேர்டு, வயரிங் வரைபடம் ஆகியவை சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.
3. கேட்வேயை மீட்டரைத் தொடாமல் மாற்ற முடிய வேண்டும்.
4. 15 நிமிடப் பதிவுகளைச் சங்கமே எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். அதற்கு மாதக் கட்டணம் கூடாது.
5. ஒவ்வொரு மீட்டரிலும் எந்த லோடு, என்ன சி.டி. விகிதம், மாட்டிய தேதி என்று பெயர்ப்பட்டை ஒட்ட வேண்டும்.
6. இறுதித் தொகை, முதல் இரண்டு மாத பில்லோடு கூட்டுத்தொகை பொருந்திய பிறகே.

ஏழாவது ஒன்று உண்டு, அது சங்கத்தின் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இந்த வேலைக்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, நிர்வாகக் குழு மாறும்போது கோப்பையும் கைமாற்றுங்கள். குடியிருப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்கும்வரை மீட்டருக்கு வேலை இருக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். பம்பிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் முதலில் மாட்டி, ஒரு பில் காலம் பார்த்து, எண்கள் நம்பும்படி இருந்தால் மற்றவற்றுக்கு நகருங்கள்.