கை நடுக்கம், திடீர் மயக்கம்: காரணம் கண்டுபிடிக்க போன் உதவும்

கை நடுங்குது, கண் இருட்டுது, மயங்கி விழுந்துடறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் சரியாயிடுது. அப்போ டாக்டருக்கு உதவுவது உங்கள் குறிப்புதான்.

ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்யுங்கள்: தேதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், போட்ட மாத்திரை, அப்போது செய்துகொண்டிருந்த வேலை. பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுத்தால், வலிப்பா மயக்கமா எனப் பிரித்தறிய உதவும்.

குறிப்பு என்ன சொல்லும்?

• சாப்பாடு தள்ளிப்போய் நடுக்கம், வியர்வை: சர்க்கரை குறைந்திருக்கலாம். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

• எழுந்ததும் மயக்கம்: ரத்த அழுத்தம் இறங்கலாம். படுத்தும் நின்றும் அளக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையும் காரணமாகலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

• நடக்கும்போது, படபடப்போடு மயக்கம்: இதயக் கோளாறாக இருக்கலாம். அன்றே இசிஜி எடுங்கள்.

வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டாதீங்க. ஒரு நொடி மயக்கம் போதும், விபத்து நடக்க.