பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஆடுதா? உடனே கவனிங்க!

காரில் பிரேக் மிதிக்கும்போது 'கீச்' என்று சத்தம் வருகிறதா? ஸ்டீயரிங் லேசாக ஆடுகிறதா? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறை சாலையிலோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலை சாலையிலோ குடும்பத்தோடு இறங்கும்போது, நம்மைக் காப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிரேக் பேடுதான்.

சத்தம் சொல்லும் சேதி

பெடலை மிதித்ததும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேடுகள் இறுக்கிப் பிடிக்கும். அந்த உராய்வில்தான் வண்டி நிற்கிறது. அதனால் பேடு தேய்வது இயல்பு. புதிய பேடில் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுவது நல்லது.

பல பேடுகளில் சின்ன உலோகத் தகடு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசும். 'கீச்' சத்தம் பெரும்பாலும் அதுதான். அதற்குப் பிறகும் ஓட்டினால் 'கரகர' என்று இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க்கும் வீணாகும். பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரை போகும்.

அலாய் வீல் என்றால் வண்டி ஆறிய பிறகு மொபைல் டார்ச் அடித்து வெளிப்பக்க பேடை நீங்களே பார்க்கலாம். உள்பக்க பேடு சில சமயம் சீக்கிரம் தேயும். அதைச் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

டிஸ்க் 'வளைஞ்சிடுச்சு' என்றால்?

பிரேக் அடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினாலோ, பெடல் காலுக்கடியில் துடித்தாலோ டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். பல நேரங்களில் டிஸ்க் உண்மையில் வளைந்திருக்காது. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்து ஏறிய சூடு, ஒரே சீராக இறுக்காத வீல் நட்டு, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே படிந்த துரு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

எனவே, 'டிஸ்க்கை மாத்தணும்' என்று மெக்கானிக் சொன்னால் இவற்றைக் கேளுங்கள்:

• ஹப்பில் உள்ள துருவைச் சுத்தம் செய்து, டயல் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா?
• டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனை விட இப்போது எவ்வளவு கூடுதல்?
• லேத்தில் கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் இருக்குமா?

இருக்கும் என்றால் கடைந்து பயன்படுத்தலாம். அளவுக்குக் கீழே போனாலோ, விரிசல் இருந்தாலோ புது டிஸ்க்தான் போட வேண்டும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாற்றும்போது கவனிக்க

• பேடுகளை இடது, வலது இரு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.
• காலிப்பர் பின்கள் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்த்து, அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். பேடிலோ டிஸ்க்கிலோ கிரீஸ் படக் கூடாது.
• வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள்.
• முதல் 200 கி.மீ. வரை, அவசரம் தவிர, திடீர் பிரேக் வேண்டாம்.

பெடல் தரை வரை இறங்கினாலோ, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். டோ செய்து கொண்டுபோங்கள்.

பில் கேளுங்க

பழைய பேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியாக விலை போட்ட பில்லை வாங்கி, மொபைலில் படம் எடுத்து வையுங்கள். போலி உதிரிபாகம், சேவைக் குறைபாடு இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

மலையிலிருந்து இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பாதி வேலையை இன்ஜின் பார்த்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறாது.