அலங்கார வளையமும் அடைப்பு வளையமும்
பழைய ஒலிபெருக்கியைப் புதுப்பிக்கும்போது கற்கும் அறிவியல்

குக்கரின் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதனைக் கேஸ்கட் என்கிறோம். அது நைந்துபோனால் நீராவி ஓரங்களில் கசியும், விசில் வராது. ஒலிபெருக்கிப் பெட்டியிலும் இத்தகைய வளையங்கள் உண்டு. ஆனால் அங்கே அடைத்து வைக்கப்படுவது நீராவி அன்று, வெறும் காற்று! அந்தக் காற்றுக்கு ஏன் இவ்வளவு காவல்? இதனை அறிய, முதலில் ஒலிபெருக்கியின் அமைப்பைச் சிறிது பார்ப்போம்.

கூம்பும் சுருளும்

இன்று நாம் காணும் கூம்பு ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பை அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வலிமையான காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் தொங்குகிறது. இதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டப்பட்ட காகிதக் கூம்பும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. கூம்பின் வெளிவிளிம்பில் வளைந்து கொடுக்கும் மடிப்பு ஒன்று இருக்கும். அது கூம்பை உலோகச் சட்டத்துடன் இணைக்கிறது. இந்த மடிப்பின் ஓரத்தின்மேல் ஒட்டப்பட்டிருப்பதே நாம் பேசவந்த அலங்கார வளையம்.

முன் அலையும் பின் அலையும்

கூம்பு முன்னே நகரும்போது எதிரே உள்ள காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்னால் உள்ள காற்று நெகிழ்கிறது. ஆகவே முன்னும் பின்னும் தோன்றும் அலைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இவை இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் என்ன? ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், 340 ÷ 50 = 6.8 மீட்டர். இத்தனை நீண்ட அலைக்கு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒலிபெருக்கி ஒரு தடையே அன்று. பின் அலை எளிதாகச் சுற்றி வந்து முன் அலையை அழிக்கும். பெட்டிக்குள் பொருத்தாத ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் எடுபடாததன் காரணம் இதுவே.

காற்றே சுருள்வில்

1954இல் எட்கர் வில்ச்சூர் என்னும் அமெரிக்கர் ஒரு புதிய வழியைக் கண்டார். ஹென்றி குளாசுடன் சேர்ந்து அவர் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூம்பின் மடிப்பை மிகவும் தளர்வாக அமைத்து, காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் அதனைப் பொருத்தினார். கூம்பை நடுநிலைக்கு மீட்டுக் கொண்டுவரும் வேலையைப் பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றே செய்தது.

இந்தக் காற்று வில்லின் வலிமையைப் பாயில் விதியால் கணக்கிடலாம். பெட்டியின் கொள்ளளவு 40 லிட்டர் என்க. கூம்பின் பயனுறு விட்டம் 25 செ.மீ. ஆனால் அதன் பரப்பு ஏறத்தாழ 490 சதுர செ.மீ. கூம்பு 1 செ.மீ. உள்ளே சென்றால் சுமார் அரை லிட்டர் இடம் குறையும். காற்றின் அழுத்தம் சுமார் 1.2 விழுக்காடு உயரும். இது மிகச் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தம் கூம்பின் முழுப் பரப்பிலும் செயல்படும்போது ஏறத்தாழ 60 நியூட்டன் விசை பிறக்கிறது. இது 6 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம்!

ஓரத்தில் சிறு இடுக்கு இருந்தால் போதும். கூம்பு அழுத்தும் காற்று அதன் வழியே சீறி வெளியேறும், வில் தளர்ந்துவிடும். கேஸ்கட்டின் அருமை இப்போது புரிகிறதல்லவா?

இரண்டு வளையங்கள்

பழைய ஒலிபெருக்கிகளில் இரு வகை வளையங்களைக் காணலாம். சட்டத்திற்கும் பெட்டிப் பலகைக்கும் நடுவே இருப்பது அடைப்பு வளையம். சில பெட்டிகளில் இதற்குப் பதிலாக இறுகாத மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். முன்புறம் தெரிவது அலங்கார வளையம். அட்டை, தக்கை, ரப்பர், நுரை ஆகியவற்றுள் ஒன்றால் இது செய்யப்பட்டிருக்கும். பசைத் தடத்தை மறைப்பது இதன் ஒரு வேலை. மடிப்பின் ஓரத்தை அழுத்திப் பிடிப்பதும், முன்திரைத் துணிக்கும் கூம்புக்கும் இடையே இடைவெளி காப்பதும் இதன் மற்ற வேலைகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிபெருக்கி பலகையின் முன்புறமிருந்து திருகப்பட்டிருந்தால் மேலே சொன்னது பொருந்தும. பலகையின் பின்புறமிருந்து திருகப்பட்டிருந்தால், முன்வளையமே பலகையின் மேல் அழுந்தி நிற்கும். அப்போது அதுவே அடைப்பு வளையமும் ஆகிறது. அதனை அழகுப் பொருள் என்றெண்ணி நீக்கிவிட்டால் பெட்டி கசியத் தொடங்கும். எனவே எதனையும் பிரிப்பதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது என்று கேட்பது நல்ல பழக்கம்.

நுரை ஏன் உதிர்கிறது?

1970, 1980களின் ஒலிபெருக்கிகள் பலவற்றில் மடிப்பும் வளையமும் பாலியூரித்தேன் நுரையால் ஆனவை. இவை பத்து, இருபது ஆண்டுகளில் பிசுபிசுத்து, பின் தொட்டாலே உதிர்ந்துவிடுகின்றன. பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தாலும் இதே கதிதான்.

குற்றவாளி காற்றிலுள்ள ஈரம். இவ்வகை நுரையின் நீண்ட மூலக்கூறுகளில் எஸ்டர் பிணைப்புகள் உள்ளன. நீர் மூலக்கூறு இப்பிணைப்பைத் துண்டித்து அமிலமும் ஆல்கஹாலும் ஆக்குகிறது. இதுவே நீராற்பகுப்பு. தோன்றிய அமிலமோ அடுத்த துண்டிப்பை விரைவுபடுத்துகிறது. ஆகவே சிதைவு மெதுவாகத் தொடங்கி, பின்னர் வேகமெடுக்கிறது. ரப்பர் வளையங்கள் பொதுவாக நெடுநாள் நிலைக்கின்றன.

மாற்றும் முறை

பெரியவர் ஒருவரின் துணையுடன் செய்யுங்கள். முதலில் பெருக்கியிலிருந்து கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள் கண்ணாடி இழை இருக்கலாம். கையுறை அணிவது நல்லது. திருப்புளியைக் காந்தம் திடீரென இழுத்துக் கூம்பைக் கிழித்துவிடக்கூடும். எனவே மறு கையால் கூம்பை மறைத்துக் கொள்ளுங்கள்.

கழற்றும் முன் வளையத்தின் வெளிவிட்டம், உள்விட்டம், தடிப்பு, திருகுத் துளைகளின் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை வளையமானால் இளஞ்சூடு காட்டிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டால் சிறிது சிறிதாகப் பெயர்க்கலாம். பழுதில்லாத வளையத்தை மீண்டும் ஒட்டுவதே சிறந்தது. உதிர்ந்த நுரையைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சட்டத்தைத் துடைத்துவிடுங்கள்.

மடிப்பும் கெட்டிருந்தால் முதலில் அதனையே மாற்ற வேண்டும். சுருள் காந்த இடைவெளியின் நடுவில் உராயாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வளையத்தை ஒட்ட வேண்டும்.

புதிய வளையத்தின் உள்விட்டம் மிக முக்கியம். அது மடிப்பின் வளைந்த பகுதியைத் தொடக்கூடாது. தொட்டால் ஒவ்வோர் அதிர்விலும் ‘பர்ர்’ என்று இரையும். தடிப்பு குறைந்தால் கூம்பு முன்திரையில் மோதலாம். மடிப்புக்கு ஏற்ற பசையை மெல்லியதாகத் தடவி, சுற்றிலும் சீராக அழுத்தி, நன்றாக உலர விடுங்கள்.

பெட்டியில் பொருத்தும்போது ஒரு திருகை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாதீர்கள். காரின் சக்கரத்தைப் பூட்டுவதுபோல் எதிரெதிர்த் திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒருபுறம் மட்டும் இறுகினால் சட்டம் கோணிச் சுருள் உராயக்கூடும்.

கசிவு உண்டா?

காற்றடைத்த பெட்டிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. விரல்களைச் சுற்றிலும் பரப்பிக் கூம்பை மெதுவாக உள்ளே அழுத்திச் சிறிது நேரம் பிடித்து, விட்டுவிடுங்கள். அது சோம்பலாக, மெல்லத் திரும்பினால் அடைப்பு நன்றாக உள்ளது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. முன்புறம் திறப்பு விட்டுச் செய்யப்பட்ட பெட்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

செய்து பாருங்கள்

பழைய வானொலியின் சிறு ஒலிபெருக்கி ஒன்றில் பாட்டைக் கேளுங்கள். பிறகு, ஓர் அட்டைப் பெட்டியில் அதற்கேற்ற வட்டத் துளை வெட்டி, அதன்மேல் இறுக்கமாகப் பொருத்திக் கேளுங்கள். தாழ்ந்த ஒலிகள் என்ன ஆகின்றன? இப்போது ஓரத்தில் ஒரு பென்சிலைச் செருகி இடைவெளி உண்டாக்குங்கள். கேட்கும் மாறுதலுக்குக் காரணம் என்ன? மேலே படித்ததைக் கொண்டு விடையை நீங்களே எழுதிப் பாருங்கள்.