சைக்கோபதியைக் குணப்படுத்த முடியுமா?

கேன்டீனில் ஒருத்தன் கொஞ்சம் முறைத்தாலே "இவன் சரியான சைக்கோடா!" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் சைக்கோபதி என்றால் என்ன? அதற்குச் சிகிச்சை உண்டா? வாங்க, பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இல்லாத குரல் கேட்பது, யாரோ துரத்துவதாக நம்புவது எல்லாம் சைக்கோசிஸ். அதற்கு மருந்து இருக்கிறது. சைக்கோபதி வேறு. இவர்களுக்குப் புத்தி தெளிவாகவே வேலை செய்யும். இரக்கமும் குற்ற உணர்வும்தான் மிகக் குறைவு. கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதை அளக்க 20 அம்சங்கள் கொண்ட சோதனையை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். அங்கே வழக்கமாக 40-க்கு 30 தான் எல்லைக்கோடு. பயிற்சி பெற்ற நிபுணர்தான் மதிப்பெண் போட வேண்டும். அதனால நெட்ல வர்ற க்விஸை நம்பாதீங்க!

சரி, சிகிச்சைக்கு வருவோம். கனடாவின் ஓக் ரிட்ஜ் மனநலக் காப்பகத்தில் 1960, 70-களில் தீவிரமான குழுச் சிகிச்சை நடந்தது. எல்.எஸ்.டி. கூடக் கொடுத்தார்கள். 1992-ல் வந்த ஆய்வு முடிவு அதிர்ச்சி. சிகிச்சை பெற்ற சைக்கோபத்களில் 77 சதவீதம் பேர் மறுபடி வன்முறையில் இறங்கினார்கள். சிகிச்சை பெறாதவர்களில் அது 55 சதவீதம்தான்! மற்றவர் உணர்ச்சியைப் படிக்கக் கற்றுக்கொண்டு, அதையே ஏமாற்றப் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். "இவங்களைத் திருத்தவே முடியாது" என்ற எண்ணம் வலுத்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1995-ல் மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம் தொடங்கியது. சிறார் சிறைகளால் சமாளிக்க முடியாத பையன்கள் இங்கே வந்தார்கள். தண்டனை கொடுத்தால் முரண்டு, முரண்டு பிடித்தால் இன்னும் தண்டனை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இது பாசிட்டிவ் ஃபீட்பேக். சிஸ்டம் கையை மீறிப் போகும். மெண்டோட்டா இந்தச் சுற்றை உடைத்தது. இன்றைக்கு ஒழுங்காக இருந்தால் நாளைக்கே சின்னச் சலுகை. தப்பு செய்தாலும் ஊழியர்கள் பேச்சை நிறுத்துவதில்லை. பின்தொடர்ந்து பார்த்தபோது, இந்தச் சிகிச்சை கிடைக்காத ஒப்பீட்டுக் குழுப் பையன்களால் 16 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். இங்கே சிகிச்சை முடித்தவர்களால் ஒருவர்கூட இல்லை. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழுக்கள் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் சாதாரண வித்தியாசமா இது?

ஆக, பதில் இதுதான். இதற்கென்று மாத்திரை கிடையாது. முழுக் குணம் என்று யாரும் உறுதி தர முடியாது. சர்க்கரை நோய் மாதிரி, கட்டுப்பாட்டில் வைக்கலாம். சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் நம்பிக்கை அதிகம்.

கடைசியாக ஒன்று. இது பல ஊழியர்கள் சேர்ந்து, மாதக்கணக்கில் செய்யும் வேலை. உங்களை மிரட்டி, காயப்படுத்தும் ஒருவரை "என் அன்பால மாத்திடுவேன்" என்று சினிமா பாணியில் இறங்காதீர்கள். விலகுங்கள், வீட்டிலோ நம்பும் ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவரைத் திருத்துவது உங்கள் பொறுப்பு அல்ல.