வைக்கோலிலிருந்து உணவுத் தட்டு

முடா நீர்ப்பாசனத் திட்டத்தின் பயனாக 1970க்குப் பின் ஆண்டுக்கு இருபோகம் விளையத் தொடங்கிய மலேசியாவின் கெடா மாநில வயல்களில், அறுவடை முடிந்ததும் எஞ்சும் வைக்கோல் தீக்கிரையாகி, அதன் புகை ஊர்மேல் கவிவதைக் கண்டு வருந்தாதவர் அரியர். அவ்வாறு எரிந்தொழியும் பொருளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, பிரெஞ்சு ரசாயன நிபுணர் அன்செல்ம் பாயென் 1838ஆம் ஆண்டு பிரித்துக் காட்டிய செல்லுலோஸ் என்னும் பதார்த்தமே. உணவுக் கடைகளின் பாலிஸ்டிரீன் பெட்டிக்குப் பதிலாக நின்று, பயன் தீர்ந்தபின் மண்ணோடு மக்கவல்லது அது. இந்தக் கெடாவிலேயே ஃப்ரீ த சீட் என்னும் நிறுவனம் வைக்கோலை நொதிகளாற் பக்குவம் செய்து உணவுக் கலங்கள் வார்க்கிறது. நொதி நமக்கு எளிதிற் கிட்டாது. அதற்குப் பதிலாக நாரைப் பிரிக்க உதவும் சலவைச் சோடாவோ எந்தப் பட்டணத்துக் கடையிலும் கிட்டும்.

சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனை ஆலைக்குப் போகும் குலைகளில் பழம் உதிர்ந்தபின் மிஞ்சும் வெற்றுக்குலையிலும் இச்சத்து உண்டெனினும், அதில் எண்ணெய்ப் பசையும் நார்க் கடினமும் மிகுதி. மேலும் அது மரத்தடியில் எருவாகப் பரப்பப்பட்டு நற்பயன் தருவதால், அதை அங்கேயே விட்டுவிடுதல் உத்தமம்.

மழை நனைக்குமுன் வாரிய வைக்கோல் ஒரு கிலோ எடுத்து, கணுக்களை நீக்கி, விரலளவு துண்டுகளாக நறுக்கி, ஓரிரவு ஊறவைத்து, மண்ணும் தூசியும் போக அலசுக. அறுவடையை ஒட்டி மருந்தடித்த வயலின் வைக்கோல் உணவுக் காரியத்துக்கு ஆகாது. உழவரிடம் விசாரித்தே வாங்குக. பின்னர் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் 15 லிட்டர் நீருடன் 200 கிராம் சலவைச் சோடா கரைத்து, வைக்கோலை இட்டு, மூன்று மணி நேரம் மெல்லிய கொதியில் வேகவிடுக. அலுமினியப் பாத்திரத்தை க்ஷாரம் அரித்துவிடும். தொழிற்சாலைகளில் பிரயோகிக்கும் காஸ்டிக் சோடா விரைந்து வேலை செய்யுமாயினும் கண்ணையும் தோலையும் வேகவைத்துவிடும். வீட்டிற்கு அது வேண்டவே வேண்டாம். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்து நீர் கறுத்து, ஒரு துண்டை இரு விரலால் இழுத்தால் எதிர்ப்பின்றிப் பிரியுமாயின் பக்குவம் வந்துவிட்டது.

இனிச் செய்வது கழுவுதல். இக்காரியத்தின் ஜீவநாடி இதுவே என்பேன். பலர் சலித்துப்போவதும் இவ்விடத்திலேதான். துணியில் வடிகட்டி, நீரை மாற்றி மாற்றி அலசியபின், மஞ்சள் பூசி உலர்த்திய வெள்ளைத் தாளின்மேல் கடைசி நீரிலிருந்து ஒரு துளி விடுக. மஞ்சள் சிவந்தால் க்ஷாரம் எஞ்சியுள்ளது. மஞ்சளைச் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமமாக்கும் அதே குணந்தான் இங்கே சாட்சி சொல்கிறது. நிறம் மாறாத நிலை வரும்வரை அலசியாக வேண்டும். கறுத்த வடிநீரை வாய்க்காலிலோ ஓடையிலோ கொட்டினால் மீன் மடியும். காடி சேர்த்துச் சமனாக்கி, நிறைய நீர் கலந்து, கிணற்றுக்கும் வயலுக்கும் தொலைவான வெறுந்தரையில் விடுக. கூழை வெளுப்பாக்க வேண்டுமென்ற ஆசையைத் துறப்பதே நலம். குளோரின் தூள் உணவுக் கலத்தை அண்டவே கூடாது.

கழுவிய நாரை உரலிலிட்டு இடித்தோ, நீர் தாராளமாக விட்டு மிக்சியில் அடித்தோ மசிய வைக்கையில் நார்நுனிகள் பிசிறி விரிகின்றன. நீர் வற்றும்போது அப்பிசிறுகள் ஒன்றையொன்று தாமாகவே பற்றிக்கொள்வதால் பசை ஏதும் வேண்டுவதில்லை. விறைப்பு வேண்டுமாயின் சிறிது மரவள்ளி மாவுக் கஞ்சி சேர்க்கலாம். வாளி நீரில் ஒரு பிடி கூழ் கலக்கி, மரச்சட்டத்தில் இறுக்கிய கொசுவலையால் அள்ளினால் தகடாகும். கிண்ண வடிவான கம்பிச் சல்லடையில் வார்த்தால் கலமாகும். துணியால் ஒற்றி, அழுத்தி நீர் பிழிந்து, பாரத்தின்கீழ் வைத்து, வெயிலில் நன்றாக உலர்த்துக.

இத்தட்டு முறுக்கு, கடலை போன்ற உலர்ந்த பலகாரங்களுக்கு ஏற்றது, குழம்பைத் தாங்காது. நாசி லெமாக் வைப்பதாயின் மேலே வாழையிலை விரிக்க வேண்டும். எண்ணெய் ஊறாதிருக்கச் சில ஆலைகள் பூசிவந்த புளோரின் ரசாயனங்கள் உடலிலும் மண்ணிலும் அழியாது தங்குவன என்று தெரிந்தபின், அவற்றைவிட வாழையிலையே மேலானது என்பது என் துணிபு.

விற்பனைக்குக் கொண்டுவருவோர் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தையும் 1985ஆம் ஆண்டு உணவு விதிகளையும் படித்து, ஆய்வுக்கூடச் சோதனை செய்வித்த பின்னரே கடைக்கு அனுப்புக. மற்றவர்கள் அடுத்த அறுவடையில், நெருப்பு வைக்குமுன், அறிந்த உழவரிடம் ஒரு கட்டு வைக்கோல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.