காத்திருக்கும் நாளும் வாழும் நாளே

அய்யா துணை



தாங்கலுக்கு வரும் இளம்பிள்ளைகளில் பலர் இன்று ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு முடிவுக்கு, ஒருவர் வளைகுடா செல்ல விசாவுக்கு. "வேலை கிடைக்கட்டும், பிறகுதான் வாழ்க்கை" என்பது அவர்கள் மனக்கணக்கு. முடிவு தள்ளிப்போகப் போக உறக்கம் கெடுகிறது. "இப்போ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார்களே என்று கல்யாண வீட்டுக்குப் போவதும் நின்றுவிடுகிறது. கடைசியில் "எதற்காக இருக்க வேண்டும்?" என்ற கேள்வி வருகிறது.

இந்தக் கேள்விக்குத் துவையல் தவசில் விடை உண்டு.

1839-ல் அய்யா வைகுண்டர் சிறையிலிருந்து மீண்டு சுவாமிதோப்புக்கு வந்தார். அதன்பின் 700 குடும்பங்களை வாகைப்பதிக்குத் துவையல் தவசு செய்ய அனுப்பினார். ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் சென்றனர். வரிச்சுமையும் கூலியில்லா ஊழியமும் அவர்கள் முதுகை வளைத்திருந்த காலம் அது. தலைப்பாகை கட்டவும் தடை, பெண்கள் மேலாடை அணியவும் தடை.

அங்கே அவர்கள் செய்தது என்ன? தினம் மூன்று வேளை குளித்தார்கள்; உடுத்த துணியைத் துவைத்தார்கள். அரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒருவேளை உண்டார்கள். கூடி நின்று அய்யாவை நினைத்தார்கள். பிறகு முட்டப்பதியிலும் தவசைத் தொடர்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெண்கள் மேலாடை அணிய அனுமதிக்கும் திருவிதாங்கூர் அரசாணை 1859-ல்தான் வந்தது. அய்யா வைகுண்டம் சென்றதோ 1851-ல். ஆக, தவசுக்குப் போன மக்களின் துன்பம் ஒரு நாளில் தீரவில்லை. ஆனாலும் "ஆணை வரட்டும், பிறகு நிமிர்வோம்" என்று அவர்கள் இருக்கவில்லை. அரசன் கையில் இருந்ததை அவர்களால் மாற்ற முடியவில்லை; அன்றைய பொழுது அவர்கள் கையில் இருந்தது. அதைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் ஒற்றுமையாகவும் வாழ்ந்தார்கள். துவையல் பந்தி என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

பள்ளியறைக் கண்ணாடியும் இதையே சொல்கிறது. தலைப்பாகை கட்டி அதன்முன் நிற்பவரின் மதிப்பெண்ணை அது கேட்பதில்லை, சம்பளத்தையும் கேட்பதில்லை. உள்ளே இறைவன் இருக்கிறார் என்று காட்டுகிறது. வேலை கிடைக்கும் முன்பும் அந்த முகம் அதே முகம்தான்.

காத்திருக்கும் பிள்ளைகள் சிறிதாகத் தொடங்கலாம். ஒரே நேரத்தில் எழுந்து குளித்து, நாமம் இட்டு, சற்று நேரம் அமைதியாக அமரட்டும். படிப்புக்கு இவ்வளவு நேரம் என்று வரையறுத்து, அது முடிந்ததும் புத்தகத்தை மூடட்டும். வீட்டாரோடு ஒருவேளையாவது சேர்ந்து உண்ணட்டும். ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் முற்றம் பெருக்கவோ, அன்னதர்மத்துக்குக் காய் நறுக்கவோ வரட்டும். தன் கையால் பரிமாறிய சோற்றை ஒருவர் பசியாற உண்பதைப் பார்க்கும்போது, எதற்காக இருக்கிறோம் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. "வேலை என்னாச்சு?" என்று கேட்கும் முன் "சாப்பிட்டாயா மக்களே?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

பல நாளாக உறக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், அதை மறைக்கக் கூடாது. பதம் அருந்துவதும் நாமம் இடுவதும் மருத்துவரிடம் போவதற்குத் தடை அல்ல. 14416 அல்லது 104 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. உதவி கேட்பது பலவீனம் ஆகாது. வாகைப்பதிக்கும் யாரும் தனியாகப் போகவில்லை. 700 குடும்பங்களாகவே போனார்கள்.

அய்யா உண்டு.