இரவு டூட்டியில் அந்த 20 நிமிடம்

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை இரண்டுமே சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியவை. அதனால் புதிதாகச் சேரும் நர்ஸ்கள் விபத்து கேஸ்களுக்குத் தயாராகவே வருகிறார்கள். ஆனால் சாலையைவிட்டு இறங்கினால் நெல், கரும்பு, மல்லாட்டை. இங்கே ராத்திரியில் வந்து சேர்பவர்களில் பாம்பு கடித்தவரும் பூச்சிமருந்து குடித்தவரும் உண்டு. முதல் வருடத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதும், பழக வேண்டியதும் இவர்களிடம்தான்.

கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் கடியா என்று அறிய ரத்தம் உறைகிறதா என்று பார்ப்போம். 2 மில்லி ரத்தம், காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாய், அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கேட்க எளிது. நான் வேலைக்கு வந்த புதிதில் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயை எடுத்துவிட்டேன். சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. பக்கத்திலிருந்த சீனியர் சிஸ்டரிடம் "இந்தக் குழாய் சரியா அக்கா?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை, தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். தேவையில்லாத விஷமுறிவு மருந்து ஏறவிருந்ததை டாக்டரின் மறுபரிசோதனைதான் தடுத்தது. அன்றிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: சந்தேகத்தை வாய்விட்டுக் கேளுங்கள், அதுவும் ஊசி ஏறுவதற்கு முன்னால்.

விஷமுறிவு மருந்து ஏறும்போது கட்டிலைவிட்டு நகராதீர்கள். அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, எது தெரிந்தாலும் டிரிப்ஸை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ரிஜிஸ்டர் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

கட்டுவிரியன் வேறு மாதிரி ஏமாற்றும். தரையில் படுத்திருந்தவரைத் தூக்கத்தில் கடிக்கும். கடிவாய் கண்ணுக்கே தெரியாது. விடியற்காலையில் "வயிறு வலிக்குதும்மா" என்று வருவார். இமை சரிகிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முன்பு இருபதுவரை எண்ணியவர் இப்போது பத்தில் நிற்கிறார் என்றால் மூச்சுத் தசை தளர்கிறது. அதை முதலில் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான்.

பூச்சிமருந்து கேஸில் கையுறை போட்டுக்கொண்டு துணியைக் களைந்து உடம்பைக் கழுவுங்கள். மருந்து தோல் வழியாகவும் ஏறும். அட்ரோபின் போதுமா என்பதற்குக் கண்மணியை மட்டும் நம்ப வேண்டாம். நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா, அக்குள் காய்ந்ததா, நாடி எவ்வளவு என்று பாருங்கள். ஆள் பிதற்றி, காய்ச்சலும் அடித்தால் அட்ரோபின் மிஞ்சியிருக்கலாம்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கம் விஷச்சாராயம் குடித்தவர்கள் முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மெத்தனால் விஷம் கண்ணைத் தாக்கும். வாந்தி, தலைசுற்றல் என்று யார் வந்தாலும் "கண் மங்கலா தெரியுதா? கூடக் குடிச்சவங்க எங்கே?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி வீட்டில் படுத்திருக்கும் இன்னொருவரைக் காப்பாற்றலாம். குடித்துவிட்டு வந்தவர்தானே என்ற அலட்சியம் உங்கள் குரலில் தெரிந்தால் உண்மை வெளியே வராது.

சொந்தக்காரர் கூட்டம் புதியவர்களை நிலைகுலைய வைக்கும். அவர்களில் நிதானமானவராக ஒருவரைப் பிடித்து, "அண்ணே, நிலைமையை அரை மணிக்கு ஒரு தடவை உங்ககிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் போய்ச் சொல்லவும் செய்யுங்கள்.

காலையில் ஓவர் கொடுக்கும்போது மேசையில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். பாம்பு கடித்தவரின் கட்டிலருகே போய், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி போனது, கடைசியாக ரத்தம் எத்தனை மணிக்குப் பார்த்தது, அதிலிருந்து 6 மணி நேரம் கழித்து, மறுபடி எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும், ராத்திரி முழுக்க சிறுநீர் எவ்வளவு போனது என்று சொல்லுங்கள். கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் சிறுநீரகம் கெடலாம். சிறுநீர் குறைந்திருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.